நிற்கத் தெரிந்த கார்

வார நாட்களில் மும்பை நெரிசல், எப்போதாவது ஒரு வாரக் கடைசியில் ரேஸ் டிராக். இரண்டுக்கும் ஒரே கார்தான் என்றால் எந்த பிரேக் பேடு, எந்த பிரேக் ஆயில்?

மும்பையிலிருந்து கிழக்கே கிளம்பும் கார், செம்பூரைத் தாண்டி மான்குர்தில் கடைசியாக ஒருமுறை நெரிசலில் சிக்கித் திணறிவிட்டு வாஷி பாலத்தில் ஏறுகிறது. அதற்கப்புறம் பன்வேல், கண்டாலா மலை, புணே. தொடர்ந்து கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு என்று போய்க்கொண்டே இருந்தால் சுமார் 1,300 கி.மீ. தள்ளி ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990ல் அங்கே திறந்த ரேஸ் டிராக், சுமார் 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். ஆபீசுக்குப் போகும் அதே காரை அங்கே கொண்டுபோய் ஒருநாள் ஆசை தீர ஓட்டிப் பார்க்கிறவர்கள் இன்று உண்டு.

இந்த ஒரே பயணத்தில் ஒரு காரின் பிரேக் மூன்று பரீட்சை எழுதுகிறது. மான்குர்த் சிக்னலில் நூறு முறை மெல்ல மிதிக்க வேண்டும். மலை இறக்கத்தில் விடாமல் பிடிக்க வேண்டும். டிராக்கில் முழு வேகத்திலிருந்து சட்டென்று குறைக்க வேண்டும். மூன்றிலும் முதல் மார்க் வாங்கும் பேடு இன்னும் செய்யப்படவில்லை. எனவே எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

சூட்டுக் கணக்கு

பிரேக்கின் வேலை, ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 4.6 லட்சம் ஜூல் சக்தி டிஸ்கிலும் டிரம்மிலும் சூடாக இறங்குகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 140 கி.மீ. வேகத்திலேயே அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

மலை இறக்கத்தின் கணக்கு வேறு. லோனாவாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் கார் 500 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. அந்தச் சக்தி, 100 கி.மீ. வேகத்திலிருந்து 12 முறை தொடர்ந்து நிறுத்துவதற்குச் சமம். கியரை நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர் இதில் பெரும் பகுதியை பிரேக் தலையில் கட்டுகிறார். மூன்றாவது அல்லது இரண்டாவது கியரில் இறங்குபவர் இன்ஜினையும் பங்கு போடச் செய்கிறார்.

லாரிகளில் காற்றழுத்த பிரேக்; அங்கே ஆயில் கிடையாது. ஆனால் சூட்டின் சட்டம் ஒன்றுதான். 2025 ஜூலையில் மும்பை-புணே விரைவுச் சாலையில் கோபோலி அருகே பிரேக் பிடிக்காத ஒரு கன்டெய்னர் லாரி சுமார் 20 வாகனங்கள்மீது மோதி ஓர் உயிரைப் பறித்தது.

கால் சொல்லும் சேதி

பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடுகிறது என்றால் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் இருக்கும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் பலம் முழுவதும் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

இரண்டாவது வகைதான் அதிக ஆபத்து. முதல் வகையில் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, ஓட்டுபவருக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆயில் கொதிப்பது பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் வருகிறது. மலை இறங்கி வழியில் டீ குடிக்க நிறுத்தும்போதுகூட வரலாம். காற்றோட்டம் நின்றதும் டிஸ்கின் சூடு காலிபருக்குள் ஏறுவதே காரணம். பெடல் அமுங்கினால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுக்க வேண்டும். ஆறியபின் பெடல் பழைய நிலைக்கு வந்தாலும் அந்த ஆயிலை நம்பக்கூடாது.

ஆயில் இல்லாத ஆயில்

எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அதை பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அது எண்ணெய் அல்ல. பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் என்ற ரசாயன வகை. பெயரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

டப்பாவின் மேல் இருக்கும் டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஆனால் இவை மூன்றும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் இந்தக் குறைந்தபட்ச வரம்பு முறையே 140, 155, 180 டிகிரியாக இறங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், உப்புக் கழிமுகத்தை ஒட்டிய மான்குர்த் போன்ற ஊரில் ஈரம் சேர்வதற்கு அதிக நாள் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று கார் கம்பெனிகள் சொல்வது டப்பா விற்பதற்காக மட்டும் அல்ல. ஆயிலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஈரத்தை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது.

பெயரில் இன்னொரு பொறி இருக்கிறது. டாட் 5 என்பது சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்காது, ஏ.பி.எஸ். உள்ள கார்களுக்கு ஒத்துவராது. டாட் 5.1 முற்றிலும் வேறு. 3, 4 இவற்றோடு சேரும். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் புதுக் கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், புள்ளி ஒன்றைக் கவனிக்காமல் வாங்குவது வீண் செலவில் முடியும்.

டிராக் ஓட்டிகள் தேடுவது பந்தய ஆயில். மோட்டுல் நிறுவனத்தின் ஆர்.பி.எஃப். 600 புதிதாக இருக்கும்போது 312 டிகிரி வரை தாங்கும். ஈரம் சேர்ந்தபின் 216. கேஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப். ஈரம் சேர்ந்த பின்னும் 270 டிகிரி அளவில் நிற்பதாலேயே பெயர் பெற்றது, விலையும் அதற்கேற்ப அதிகம். இங்கே பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். முதல் எண் டப்பாவைத் திறந்த அன்றைக்கு மட்டும் சொந்தம்.

பேடு எதைக் கடிக்கிறது?

பேடு என்பது பிசினில் இறுக்கிய கலவை. ஒரு காலத்தில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசு நுரையீரலுக்கு எமன் என்று தெரிந்தபின் அராமிட் நார், எஃகு இழை, கிராஃபைட், பீங்கான் துகள் என்று கலவை மாறியது. பழைய டிரம்மைக் கழற்றி வாயால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கத்தை மெக்கானிக்குகள் இன்னும் முழுசாக விடவில்லை. விட்டால் நல்லது.

சாதாரண பேடு ஆறியிருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்கைத் தின்னாது. பொதுவாக 300-350 டிகிரியைத் தாண்டினால் பிடிப்பு தளரும். டிராக் பேடு 600 டிகிரியிலும் அசராது. ஆனால் ஆறிய நிலையில் அரை மனதோடுதான் பிடிக்கும். மழைக் காலையில் ஈர டிஸ்கோடு கிளம்பும் கார், சாலையைக் கடக்கும் பள்ளிக் குழந்தைக்காக முதல் மிதியில் நின்றாக வேண்டும். அங்கே டிராக் பேடு ஆபத்து.

சில பேடுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது கடும் சூட்டில். 'ஈ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. 'எஃப்.ஈ.' என்றிருந்தால் சூட்டில் பிடிப்பு குறைகிறது என்று பொருள். 'எஃப்.எஃப்.' என்றால் சமமாக நிற்கிறது. இது சோதனைக் கூடத்து மார்க் மட்டுமே, ஆயுளையும் சத்தத்தையும் பற்றிச் சொல்லாது.

யாருக்கு எது?

நகரமும் அவ்வப்போது மலையும் மட்டும் என்றால் கம்பெனி பேடும் புதிய டாட் 4 ஆயிலும் போதும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை டிராக் என்றால் சாலைக்கென்றே செய்த, சற்று அதிகச் சூடு தாங்கும் பேடு. டிராக்குக்குக் கிளம்பும் முன் புது ஆயில். ஒரு காருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், அதாவது இரண்டு அரை லிட்டர் டப்பா தேவைப்படும். அடிக்கடி டிராக் என்றால் இரண்டு செட் பேடு. அங்கே போய் மாற்றி, திரும்பும் முன் பழையதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அரை மணி நேர வேலைதான். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் ஆயில், பிறகுதான் பேடு.

புதுப் பேடு போட்ட அன்றே மலை இறங்கக்கூடாது. காலிச் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை எட்டு, பத்து முறை குறைத்துப் பழக்க வேண்டும். இடையில் முழுசாக நிறுத்தி மிதித்தபடி நிற்கக்கூடாது. டிராக்கில் கடைசிச் சுற்று மெதுவாக ஓடி ஆறவைக்க வேண்டும், சூட்டோடு ஹேண்ட் பிரேக் இழுக்கக்கூடாது.

இந்தப் பொருளில் தமிழ்நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. லூகாஸ் கிர்லிங் கூட்டோடு 1962ல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, அதே பாடியின் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் வளர்ந்த ராணே பிரேக் லைனிங் என்று நாட்டின் பிரேக்குகளில் பெரும் பங்கு சென்னையின் மேற்குப் புறத்தில் பிறந்தது. சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறைக்குப் பின், கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார்.

அந்த நாட்டில்தான் போலி பேடும் விற்கிறது. குர்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலிருந்து தாராவி ஒர்க்‌ஷாப் வரை, கம்பெனி அட்டைப் பெட்டி மாதிரியே அச்சடித்த பெட்டி கைமாறலாம். அச்சு மங்கல், பேட்ச் எண் இல்லாமை, பேடு இரும்புத் தட்டோடு ஒட்டிய இடத்தில் இடைவெளி, நம்ப முடியாத விலை இவை எச்சரிக்கைகள். பில் இல்லாமல் வாங்கக்கூடாது. ஆயில் விஷயத்திலும் சீல் உடையாத டப்பாவை நம் கண் முன்னால் திறக்கச் சொல்ல வேண்டும்; போன மாதம் திறந்து மூலையில் வைத்த பாதி டப்பாவில் மும்பையின் மழை ஏற்கனவே இறங்கியிருக்கும்.

ஸ்டீரியோவுக்கும் அலாய் சக்கரத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், இந்த ஒரு லிட்டர் திரவத்துக்கு மட்டும் பேரம் பேசுகிறார்கள். கண்டாலா இறக்கத்தில் அந்தப் பேரம் செல்லாது.