தோள்பட்டை வலி: கையை நீங்களே தூக்க முடியவில்லையா, யார் தூக்கினாலும் வரவில்லையா?

தலை வாரிக் கொண்டை போட முடியவில்லை. பரணில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்க முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடுகிறது. "வாயுப் பிடிப்புதான், தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று நாள்கள் ஓடுகின்றன. மாதங்களும் ஓடிவிடுகின்றன.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பாதி வேலை தோளை நம்பித்தான் நடக்கிறது. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். அரியலூர் பக்கம் முந்திரி, சுண்ணாம்புக்கல், சிமென்ட். மூட்டை தூக்க வேண்டும், மருந்து டேங்கை முதுகில் மாட்ட வேண்டும், கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமக்க வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால், எல்லாத் தோள் வலியும் ஒரே வலி அல்ல.

வலி எங்கிருந்து வருகிறது?

தோள்மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் உறைபோல மூடியிருக்கின்றன. தொடர்ந்து பாரம் தூக்குவதாலும் வயதாவதாலும் இவை தேயலாம், வீங்கலாம், கிழியலாம். இது ஒரு வகை.

இன்னொன்று, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துச் சுருங்கி, தோள் இறுகிப்போவது. இதற்கு 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று பெயர் வைத்தவர் பாஸ்டன் நகர அறுவை சிகிச்சை நிபுணர் காட்மேன். ஆண்டு 1934. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வரும் இது, சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்குகிறது. சிலருக்குத் தோள் இறுகியதற்காகச் சோதிக்கும்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரியவருகிறது.

சில நேரம் பிரச்னை தோளிலேயே இருக்காது. கழுத்து எலும்பில் நரம்பு அழுத்தப்பட்டாலும் தோள் வலிக்கும். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாகத் தெரியலாம். மாரடைப்பின் வலியும் தோளுக்குப் பரவும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

"ஸ்கேன் எடுத்துடலாமா டாக்டர்?" என்பதுதான் பலரின் முதல் கேள்வி. ஆனால், பாதி விடை டாக்டரின் கையிலேயே இருக்கிறது.

முதலில் இரண்டு தோள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு பக்கம் தசை மெலிந்திருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று கவனிப்பார். அதனால் தோள் தெரியும்படி தளர்வான உடையில் போவது நல்லது. பெண்கள், பக்கத்தில் நர்ஸ் இருக்கட்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

அடுத்து கழுத்தைத் திருப்பச் சொல்வார். அப்போது வலி முழங்கைக்குக் கீழே விரல்வரை இறங்கி மரத்துப்போனால், கழுத்தின் மீது சந்தேகம் வரும்.

பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்வார். 60 முதல் 120 டிகிரி வரை மட்டும் வலித்து, அதற்கு மேல் வலி குறைந்தால் நாண் பாதிப்பாக இருக்கலாம். தூக்கிய கையை மெதுவாக இறக்க முடியாமல் தொப்பென்று விழுந்தால், நாண் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு.

கடைசியில் முக்கியமான சோதனை. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். உங்களால் முடியாதது டாக்டர் திருப்பினால் முடிகிறது என்றால், மூட்டு இறுகவில்லை. குறை தசையிலோ நாணிலோ நரம்பிலோ இருக்கலாம். அவர் திருப்பினாலும் வரவில்லை என்றால், மூட்டே இறுகியிருக்கிறது. அது சவ்வு சுருக்கமா, மூட்டுத் தேய்மானமா என்று எக்ஸ்ரே பிரித்துச் சொல்லும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்?

சிகிச்சையே மாறிவிடும் என்பதால்தான். இறுகிய தோளுக்கு வலி மருந்து, மூட்டில் ஊசி, படிப்படியான பயிற்சி எனப் போகும். முழுதாகத் தளர ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது முரட்டுத்தனமாக உருவிவிட்டால் வலி கூடும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்கள் சர்க்கரை ஏறலாம் என்பதால், சர்க்கரை இருப்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

கீழே விழுந்த பிறகு திடீரென்று கை தூக்க முடியாமல் போனால் காத்திருக்கவே கூடாது. கிழிந்த நாண் நாளாக ஆக உள்ளே சுருங்கி, தசையும் மெலிந்துவிடும். பிறகு தைத்தாலும் முழுப் பலன் கிடைப்பது கடினம்.

மார்பு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோள் வலித்தால் உடனே 108-க்கு அழையுங்கள். காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

எங்கே போவது?

பெரம்பலூரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

போகும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: வலி எப்போது, எப்படி ஆரம்பித்தது? எந்த வேலையைச் செய்ய முடியவில்லை? சர்க்கரை இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.