புதிய இரயில் தடமும் அதற்குரிய சொற்களும்

காஜாங் நிலையத்தில் இருவகைத் தடங்கள் அருகருகே அமைந்துள்ளன. தரைமட்டத்தில் செல்வது கேடிஎம் இரயில் பாதை. தூண்கள்மீது உயர்ந்து செல்வது, 2017 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்டபோது 51 கிலோமீட்டர் நீளம் கொண்டிருந்த எம்ஆர்டி தடம். இரண்டிலும் எஃகுச் சக்கரங்களே ஓடுகின்றன. தண்டவாளத்தைத் தாங்கும் முறை மட்டும் வேறு. அவ்வேறுபாட்டை அறிந்தாலன்றி அதற்குரிய தமிழ்ச்சொல்லை நாம் ஆக்க இயலாது.

கீழ்ப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். அவற்றின் அடியிலுள்ள குறுக்குக்கட்டைகள் அவ்விடைவெளியைக் காக்கின்றன. வண்டியின் பளுவைப் பரப்புகின்றன. கட்டைகளைச் சூழ்ந்த கருங்கற்சல்லி அப்பளுவை நிலத்திற்குக் கடத்தி, மழைநீரையும் வடியவிடுகிறது. வண்டிகள் ஓட ஓடச் சல்லி இடம்பெயரும் ஆதலின், அதனை அவ்வப்போது இறுக்கிச் சமப்படுத்த வேண்டும்.

மேல்தடத்தின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். அங்குச் சல்லி இல்லை. பாலத்தின்மேல் வார்த்த காங்கிரீட்டில் எஃகுக் கவ்விகள் தண்டவாளத்தை நேரே பிணைக்கின்றன. இடையிலுள்ள மீள்திறன் கொண்ட மெத்தை அதிர்வைத் தணிக்கிறது. பாலத்தின் சுமையும் பராமரிப்பும் இதனால் குறைகின்றன. ஆயினும், காங்கிரீட்டு இறுகிய பின்னர்ப் பிழையைத் திருத்துதல் அரிது. ஆகவே அளவுகளை மில்லிமீட்டர்க் கணக்கில் சரிபார்த்த பின்னரே வார்ப்பர்.

வெப்பமும் கருதத்தக்கது. தடையின்றி விட்டால், ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 பாகை வெப்ப உயர்வில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். பற்றவைத்த நீள்தண்டவாளத்தில் கவ்விகள் அந்நீட்சியைத் தடுப்பதால், அது எஃகினுள் அழுத்தமாகத் தங்குகிறது. இவ்வழுத்தம் மிகாதிருக்க, எவ்வெப்பநிலையில் பிணைப்பதென்று முன்னரே வரையறுக்கின்றனர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். மரத்தால் ஆன காலத்தில் நம் மக்கள் ‘சிலிப்பர் கட்டை’ என்றனர். இன்று அது காங்கிரீட்டால் ஆனபோதும் அப்பெயர் பொருந்துகிறது. பொருள் மாறினும் பணி மாறவில்லை. மேல்தடத்திலோ தனிக்கட்டையே இல்லை. பழைய சொற்பட்டியலை வைத்து அத்தடத்தை விளக்கும் மாணவர், அங்கில்லாத கட்டையைத் தேட நேரும். எனவே முன்னதைச் ‘சல்லிப்பாதை’ என்றும், காங்கிரீட்டுத் தளத்தில் அமைந்த பின்னதைத் ‘தளப்பாதை’ என்றும் வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. வீட்டுக்குத் ‘தளம் போடுதல்’ என்னும் வழக்கு இருத்தலின், இச்சொல் மாணவர்க்கு அயலாகத் தோன்றாது.

கலைச்சொல் ஆக்குவோர் அகராதியைத் திறக்குமுன் அப்பொருள் என்ன பணி செய்கிறது என வினவுதல் வேண்டும். வகுப்பறையிலும் ஆசிரியர்கள் இம்முறையையே பயிற்றுவிப்பார்களாயின், அறிவியலும் தமிழும் ஒருங்கே விளங்கும்.