கூப்பன் காலமும் தீவகத்துத் தோட்டக்காரரும்

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று தீவகத்துக்குப் போய் வயது வந்தவர்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு 'சிறிமாவின் காலத்துக்கு'த் திரும்பும். ஒருவர் அதைப் பஞ்சகாலம் என்பார். பக்கத்தில் இருப்பவரோ தோட்டக்காரன் தலைநிமிர்ந்த காலம் என்பார். இரண்டும் உண்மையே.

1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. அரிசி, மா, சீனி எல்லாம் கூப்பனுக்குச் சங்கக்கடையில் அளந்து கொடுக்கப்பட்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீடு குறைந்தது. பாணுக்காக மக்கள் விடியுமுன் வரிசையில் நின்றனர். நினைத்தபடி அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடியவில்லை. வீதிகளில் சோதனை நடந்தது. மரவள்ளிக்கிழங்கும் ஒடியற்கூழும் பசியாற்றின. நெடுந்தீவுக்கோ பங்கீட்டுச் சாமானும் கடல் கடந்தே வரவேண்டும்.

ஆனால் அதே அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியையும் தடுத்தது. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் தெற்கில் நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரர் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினர், கல்வீடு கட்டினர். காணியும் நன்னீர்க் கிணறும் இல்லாதவருக்கு இந்த நன்மை எட்டவில்லை.

1977இல் வந்த புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்திறங்க, நமது விளைச்சலின் விலை விழுந்தது. 1979இல் அரிசிப் பங்கீடும் நின்று, உணவு முத்திரை வந்தது. கதவை மூடியபோதும் திறந்தபோதும் தோட்டக்காரனை யாரும் கேட்கவில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வந்த கட்டுப்பாடு வேறுவகை. மண்ணெண்ணெய், உரம், சவர்க்காரம், பற்றரி எனத் தடைப்பட்டியல் நீண்டது. தீவக மக்கள் பலர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றனர். 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே அறிவிப்பில் தடை வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அது கைவிடப்பட்டது. 2022இல் எரிபொருளுக்கு மறுபடியும் வரிசை.

எகிப்து நாட்டில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளின் தானியத்தைச் சேமித்துப் பஞ்சத்தில் மக்களைக் காப்பாற்றியதைத் தொடக்க நூலில் படிக்கிறோம். அதே நூலின் 47ஆம் அதிகாரத்தையும் படிக்கவேண்டும். தானியத்துக்காக மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தனர், பின்பு கால்நடைகளைக் கொடுத்தனர், முடிவில் நிலத்தையே பார்வோனுக்குக் கொடுத்தனர். உயிர் தப்பியது, காணி போயிற்று.

காணியை இழந்து வாழ்வதன் வேதனையை நாம் அறிவோம். அரசின் பங்கீடு பஞ்சத்தில் தேவை. இறக்குமதித் தடை சிலவேளை நன்மை. ஆனால் இரண்டையும் நம்பி மட்டும் பயிரிட முடியாது. காணி உறுதியைப் பத்திரப்படுத்துவோம். அடுத்த போகத்துக்கான விதையை நாமே எடுத்து வைப்போம். கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் போய்க் கணக்கைக் கேட்போம். விலை பற்றிய முடிவில் நமது குரலும் சேரவேண்டுமானால், முதலில் நாம் ஒன்றாகக் கூடவேண்டும்.