பச்சை குத்திய புள்ளியில் ஆக்சிஜன் கணக்கு

கொரோனா நாட்களில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் வீடே நிம்மதியானது. ஆனால், தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். சுமந்ததில் தசைக்குள் எவ்வளவு இறங்கியது? அந்தக் கணக்கு அதனிடம் இல்லை.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பவருக்கு வேண்டியது அந்தக் கணக்குதான். ஆக்சிஜன் வற்றிய செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படலாம். பிரிட்டனில் எல்.எச்.கிரே குழுவினர் 1953-லேயே இதை வலியுறுத்திவிட்டார்கள். கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. காற்றில் 160 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம், கட்டியின் சில மூலைகளில் 10-க்கும் கீழே போய்விடும். ஊசி மின்முனையைக் குத்தி அளக்கலாம்தான். வாராவாரம் குத்திக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்?

அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் ஹரால்ட் ஸ்வார்ட்ஸ் குழு பிடித்த வழி அழகானது: இந்தியன் இங்க். கதிர் பாயவேண்டிய இடத்தை இந்த மையால் தோலில் பச்சை குத்திக் குறித்துவைப்பது ஏற்கெனவே இருந்த வழக்கம். மையிலுள்ள கரித்துகள்களில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் உண்டு. காந்தத்துக்கு நடுவே நிறுத்தி மைக்ரோவேவ் அலையைச் செலுத்தினால், குறிப்பிட்ட காந்தப்புலத்தில் அவை அலையை உறிஞ்சும். வரைபடத்தில் ஒரு கோடு விழும். ஆக்சிஜன் மூலக்கூறிலும் ஜோடியற்ற எலக்ட்ரான்கள் இரண்டு. அது பக்கத்தில் வந்து மோத மோத, அந்தக் கோடு அகலமாகும். அகலத்தை அளந்தால் ஆக்சிஜன் அளவு கிடைத்துவிடும். மை உள்ளேயே இருப்பதால், மாதங்கள் கழித்தும் அதே இடத்தை மறுபடி அளக்கலாம். 1944-இல் கசானில் ஸவோய்ஸ்கி கண்டறிந்த இ.பி.ஆர். (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) உத்திதான் இது.

எம்.ஆர்.ஐ. போதாதா? 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டிய முறையில், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினின் காந்தத்தன்மையால் படம் மாறும். கூடியதா குறைந்ததா என்று தெரியும், எத்தனை மி.மீ. என்று தெரியாது. அதை ஆக்சிஜன் அளவீடு என்பது சற்று அதிகப்படி.

இ.பி.ஆரின் சிக்கல் நம் உடம்பிலுள்ள தண்ணீர். ஆய்வகக் கருவியின் 9 கிகாஹெர்ட்ஸ் அலையை அது விழுங்கிவிடும். சுமார் 1 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான் எட்டும். சிகாகோவில் ஹோவர்ட் ஹால்பர்ன் குழு 250 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, ரத்தத்தில் கரையும் உணரியைச் செலுத்தி, எலிகளின் கட்டிக்குள் ஆக்சிஜன் வரைபடமே எடுத்தது. 10 மி.மீ.க்குக் கீழே இருந்த பகுதிகளுக்குக் கூடுதல் கதிர்வீச்சு கொடுத்தபோது, அதே கூடுதலை ஆக்சிஜன் நிறைந்த பகுதிகளுக்குக் கொடுத்ததைவிடக் கட்டிகள் நன்றாகக் கட்டுப்பட்டன.