குடும்பச் சுமையும் கட்டாய ஆட்சேர்ப்பும்

போர்க்காலத்தில் ஆட்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்த நாடுகள் பலவும், வீட்டைத் தாங்கிநிற்போருக்கு ஏதோவொரு விலக்கை வைத்திருந்தன. பிரித்தானியாவின் 1916ஆம் ஆண்டுச் சட்டம், குடும்ப நிலையால் கடுந்துன்பம் நேருமாயின் விலக்குக் கோரலாம் என்றது. கோரிக்கையை விசாரிக்க உள்ளூர் நியாய சபைகளும், அவற்றுக்கு மேலே முறையிட வழியும் இருந்தன. அச்சபைகள் பல வேளைகளில் இரக்கமற்று நடந்தன என்பது வேறு விடயம்.

இவ்வெண்ணம் நமக்கும் புதிதன்று. போருக்கு முன் பாதுகாப்பிடம் தேடுமாறு அறிவிக்கப்படுவோரில், புதல்வரைப் பெறாதவரையும் புறநானூற்றின் 9ஆம் பாடல் சேர்த்துள்ளது. போருக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் உயிரோடுள்ளனரா என வினவி, அவர்களுக்கே பணிவிடை செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்ததை ஹதீஸ்கள் கூறுகின்றன.

நமது மண்ணில் நடந்ததோ வேறு. இலங்கை அரசு கட்டாய இராணுவ சேவையை நடைமுறைப்படுத்தவில்லை. ஆனால், இந்தியப் படையின் துணையுடன் 1989இல் உருவாக்கப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவத்துக்கு இளைஞர்கள் வலிந்து பிடிக்கப்பட்டனர். 2006இலிருந்து வன்னியில் வீட்டுக்கொருவர் என்பது விடுதலைப் புலிகளின் விதியாயிற்று. மணமானோர் தொடக்கத்தில் தவிர்க்கப்பட்டமையால், படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கும் அவசரத் திருமணங்கள் நடந்தேறின. காலப்போக்கில் தாலியும் காப்பாகவில்லை. 2008இன் பிற்பகுதியில் ஒரே வீட்டிலிருந்து ஒருவருக்கு மேற்பட்டோரும் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாளித் தந்தை, விதவைத் தாய் என்ற நியாயங்களைச் செவிமடுக்கச் சுயாதீனமான சபை எதுவும் இருக்கவில்லை.

நெல்லியடி உள்ளிட்ட வடமராட்சி 1996 முதல் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. எனினும், இடப்பெயர்வுகளில் வன்னி சென்று அங்கேயே தங்கிவிட்ட உறவுகள் இங்குள்ளோருக்கும் இருந்தன. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை போனது என்று விசாரிப்பதே அரிதாயிற்று. முறையீட்டுக்கு இடமில்லாத கட்டளை எத்தகையது என்பதை, 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

2009 மேயில் போர் முடிந்தபோது, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவரும் சரணடையுமாறு பணிக்கப்பட்டனர். விரும்பிச் சென்றவரும் பிடித்துச் செல்லப்பட்டவருமாகச் சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் ஒன்றாகவே அடைக்கப்பட்டனர். சரணடைந்தும் திரும்பாதோர் பலர். காணாமற்போனோர் அலுவலகம் 2018இல்தான் இயங்கத் தொடங்கியது. மகனை ஒரு தரப்பு இழுத்துச் சென்றதையும், அவனை மறுதரப்பிடம் தம் கையாலேயே ஒப்படைத்ததையும் ஒரே முறைப்பாட்டில் எழுதவேண்டியிருந்த தாய்மாரும் உள்ளனர்.