படுக்கை இலவசம், ரத்தத்துக்கு எங்கே போவது?
டாக்காவிலும் கராச்சியிலும் மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் தொண்டின் கதை

அரசு மருத்துவமனையில் படுக்கைக்குக் காசு இல்லை. மருத்துவரைப் பார்க்கவும் பெரிய செலவு இல்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பை ரத்தம், இன்ன ஊசி, இன்ன பரிசோதனை. நோயாளியோடு துணைக்கு வந்தவர் அந்தச் சீட்டோடு வெளியே ஓட வேண்டும். கிராமத்திலிருந்து முதல் முறையாகத் தலைநகருக்கு வந்தவருக்கு அங்கே யாரைத் தெரியும்? பங்களாதேஷில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் கைக்காசுதான் போகிறது. நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் அந்தச் சீட்டுக்கு வழி தேடுகிறார்கள்.

இலவசச் சிகிச்சை நின்றுபோகும் அந்த இடத்தில் டாக்கா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 1977 முதல் நிற்கிறார்கள். அவர்கள் தொடங்கிய ‘சந்தானி’ என்ற அமைப்புக்கு இன்று நாடெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் கிளைகள் இருக்கின்றன. இருபது வயதுப் பிள்ளைகள், பாடமும் தேர்வும் தலைக்கு மேல் கிடக்கும்போது, ஒரு நாட்டின் ரத்த தானப் பழக்கத்தையே எப்படி மாற்றினார்கள்?

ஆறு பேர் தொடங்கியது

விடுதலைப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள், பெரும் பஞ்சம் வந்துபோய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். 1977 பிப்ரவரி 5 அன்று டாக்கா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் கூடி சந்தானியைத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட ஒரு வகுப்புத் தோழருக்குக் காசு சேர்த்துக் கொடுத்ததில் பிறந்த யோசனை அது. அடுத்து அவர்கள் கண்ணில் பட்டவர்கள், தாங்கள் தினமும் கடந்துபோகும் வார்டுகளில் ரத்தத்துக்காகக் காத்துக் கிடந்த நோயாளிகள்.

அன்றைக்கு ரத்தம் பெரும்பாலும் விலைக்குத்தான் கிடைத்தது. மருத்துவமனை வாசலில் தரகர்கள் நின்றார்கள். வறுமையாலும் போதைப் பழக்கத்தாலும் ரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள், உடம்பு தேறும் முன்பே மறுபடி கொடுத்தார்கள். பணத்துக்காகக் கொடுப்பவர் தன் நோயை மறைக்கவே பார்ப்பார். அதனால் வாங்குபவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்து வந்தது. கொடுப்பவர், பெறுபவர் இருவரையும் கெடுத்த வியாபாரம் அது.

1978 நவம்பர் 2 அன்று டாக்கா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரத்த வங்கியில் சந்தானி தன் முதல் தன்னார்வ ரத்த தான நிகழ்ச்சியை நடத்தியது. ரத்தம் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்று படித்தவர்களே அஞ்சிய நேரத்தில், மருத்துவம் படிக்கும் மாணவர்களே முதலில் கையை நீட்டினார்கள். அந்த நவம்பர் 2-ஐத்தான் பங்களாதேஷ் இன்று தேசிய தன்னார்வ ரத்த தான, கண் தான நாளாகக் கடைப்பிடிக்கிறது. பாதுகாப்பான ரத்தத்துக்கான சட்டம் அந்த நாட்டில் 2002-இல் வந்தது. 2004-இல் சந்தானிக்கு நாட்டின் உயரிய விருதான சுதந்திர விருது வழங்கப்பட்டது. ரத்த வியாபாரம் என்ற இதே நோய் இந்தியாவிலும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த பிறகு, 1998 ஜனவரி 1 முதல்தான் ரத்தத்தை விலைக்கு வாங்குவது இங்கே தடைசெய்யப்பட்டது.

ஒரு பை ரத்தம் எப்படிக் கிடைக்கிறது?

சந்தானி போன்ற மாணவர் அமைப்பின் வேலை பெரும்பாலும் ஒரு சிறிய அறையில், ஒரு மேசையில், ஒரு பதிவேட்டில் நடக்கிறது. துணைக்கு வந்தவர் சீட்டோடு வருவார். நோயாளியின் பெயர், வார்டு, படுக்கை எண், ரத்தப் பிரிவு, எத்தனை பை, எந்த நேரத்துக்குள் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பணியில் இருக்கும் மாணவர் முதலில் குளிர்பதனப் பெட்டியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் கொடையாளர் பதிவேட்டைப் புரட்டுவார். பெயருக்கு நேரே கடைசியாகக் கொடுத்த தேதி இருக்கும். நான்கு மாதம் ஆகவில்லை என்றால் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்தவருக்குத் தொலைபேசியில் அழைப்பு போகும். நெகட்டிவ் பிரிவு என்றால் சிரமம் அதிகம். தெற்காசியாவில் அந்தப் பிரிவினர் மிகக் குறைவு என்பதால், ஒவ்வொருவரின் இருப்பிடமும் மாணவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கொடையாளர் வந்ததும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். எடுத்த ரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை நடக்கிறது. பிறகு நோயாளியின் ரத்த மாதிரியோடு சேர்த்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். பிரிவு ஒன்றாக இருந்தாலும் இந்தச் சோதனையைத் தாண்டாமல் ஏற்றக்கூடாது.

சேமிப்பிலும் கணக்கு உண்டு. சிவப்பணுக்கள் குளிர்பதனத்தில் ஐந்தாறு வாரம் தாங்கும். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள்தான். அதனால் ஒரே நாளில் பெரிய முகாம் நடத்திப் பைகளைக் குவித்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருப்பதில் பயன் இல்லை. ஆண்டு முழுவதும் சீராக ஆள் வந்துகொண்டிருக்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். பேறுகாலத்தில் ரத்தப்போக்கு தொடங்கிய தாய்க்கோ சில மணி நேரம் கூட இல்லை. பங்களாதேஷில் பேறுகால மரணங்களுக்கு முதன்மையான காரணம் ரத்தப்போக்குதான். அந்த மேசையில் யாராவது எப்போதும் உட்கார்ந்திருப்பது இதனால்தான் உயிர் காக்கும் வேலை ஆகிறது.

மருந்து வங்கியும் உண்டியலும்

ரத்தத்தோடு சீட்டு முடிவதில்லை. மருந்துக்கும் பரிசோதனைக்கும் பணம் வேண்டும். சந்தானியின் கிளைகள் மருந்து வங்கி நடத்துகின்றன. மருந்துகளைத் திரட்டிச் சரிபார்த்து, வாங்க முடியாத நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

கராச்சியில் டவ் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 1979-இல் தொடங்கிய நோயாளர் நலச் சங்கம் இதே பாதையில் வளர்ந்தது. சிவில் மருத்துவமனை வளாகத்துக்குள் ரத்த வங்கி, மருந்து வங்கி, தலசீமியா குழந்தைகளுக்கான சேவை என்று மாணவர்களே நிர்வகிக்கிறார்கள். ரமலான் மாதத்தில் நகர மக்கள் கொடுக்கும் ஜக்காத் என்னும் கடமைத் தானம் அவர்களுடைய நிதிக்குப் பெரிய துணை. ஜக்காத் பணத்தை அதற்கு உரிய ஏழைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது மார்க்க விதி. எனவே யார் உரியவர் என்று விசாரித்துக் குறித்துவைக்கவும், பைசா பைசாவாகக் கணக்கு வைக்கவும் மாணவர்கள் பழகியாக வேண்டும்.

வசதியான நாட்டிலும் இந்தத் தேவை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களின் கேலன்ஸ் சங்கம் 1914-இல் தொடங்கியது. 1927 முதல் ஒவ்வொரு டிசம்பர் தொடக்கத்திலும் அதன் மாணவர்கள் ஆன் ஆர்பர் நகரத் தெருக்களில் வாளியோடு நின்று நிதி திரட்டுகிறார்கள். காசு போட்டவருக்குச் சட்டையில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன அட்டை கிடைக்கும். சேர்ந்த பணம் அந்த வட்டாரக் குழந்தைகளின் மருத்துவத்துக்கும் நலனுக்கும் போகிறது. எங்கே திரட்டினார்களோ அங்கேயே செலவாவதால், போன வருடம் போட்ட காசு என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை ஊராருக்கு இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்ததால்தான் மறு வருடமும் வாளி நிரம்புகிறது.

இலங்கை மாணவர் ஒருவர் காட்டிய வழி

ரத்தத்தோடு நிற்காமல், கண் தானத்துக்காக 1984-இல் சந்தானி தேசிய கண் தானச் சங்கம் உருவானது. இந்தத் துறையில் தெற்காசியாவுக்கே வழி காட்டியவரும் ஒரு மருத்துவ மாணவர்தான். ஹட்சன் சில்வா 1958-இல் கொழும்பில் மருத்துவம் படிக்கும்போது, இறந்த பின் கண்களைத் தாருங்கள் என்று பத்திரிகையில் எழுதி மக்களிடம் வேண்டினார். மனைவியும் தாயும் உடன் நின்றார்கள். 1960-இல் தாய் இறந்தபோது அவருடைய கருவிழிகள் ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டன. சேகரித்த கண்களை வைக்க வேறு வசதி இல்லாத தொடக்க நாட்களில் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியே கண் வங்கியாக இருந்தது. 1964-இல் சிங்கப்பூருக்குக் கருவிழிகள் போயின. பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயின.

புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபியை நமக்குத் தெரியும். பௌத்த ஜாதகக் கதையில் அதே சிபி தன் கண்களையே தானம் தருகிறான். காளத்தியில் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரைக் கும்பிடும் நமக்கும் இந்தக் கொடை அந்நியமானதல்ல. இருந்தும் இறப்பு நேர்ந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க எல்லோரும் தயங்குகிறோம்.

உண்மையில் செய்ய வேண்டியவை எளியவை. இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தித் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். கண் வங்கிக்கு உடனே சொல்ல வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், முகம் சிதையாது. முதுமையோ, கண்ணாடி அணிந்ததோ, கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதோ தடை அல்ல. கருவிழியில் ரத்த நாளம் இல்லாததால் ரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதும் இல்லை. ஒருவர் கொடுத்தால் இருவருக்குப் பார்வை கிடைக்க வாய்ப்பு உண்டு.

நெருக்கடி வரும்போது

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் அலை அலையாக வந்து சேர்ந்தது அருகிலிருந்த எனாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. மருத்துவர்களோடு மாணவர்களும் அங்கே இரவு பகலாக வேலை செய்தார்கள். ரத்தம் கொடுக்க நகரமே வரிசையில் நின்றது. 2023-இல் டெங்கு அந்நாட்டில் 1,700-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நோயாளிகளின் குடும்பத்தார் தட்டணுக்களுக்கு அலைந்தார்கள். நெருக்கடியில் கொடுக்க வரும் கூட்டத்தை ஒழுங்காகப் பயன்படுத்த, பிரிவு பார்த்துப் பெயர் எழுதத் தெரிந்த கைகள் முன்பே தயாராக இருக்க வேண்டும். சாதாரண நாட்களில் நடந்த பயிற்சி அன்று பயன்படுகிறது.

ஆள் மாறினாலும் அமைப்பு நிற்பது எப்படி?

மருத்துவ மாணவர் ஐந்தாண்டு படித்து, ஓராண்டு பயிற்சி முடித்துப் போய்விடுகிறார். ஆனாலும் சந்தானி ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நிற்கிறது. ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள். மூத்தவர்கள் இளையவர்களை மேசையில் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குகிறார்கள். சாவியும் பதிவேடும் கணக்குப் புத்தகமும் கைமாறுகின்றன. இரக்கம் எல்லோருக்கும் வரும், போகும். இந்த அமைப்புகளை நிலைநிறுத்துவது எழுதிவைத்த முறைமை.

எல்லைகளும் தெளிவாக இருக்க வேண்டும். மாணவர் இன்னும் மருத்துவர் அல்ல. மருந்து எழுதவோ தனியாகச் சிகிச்சை தரவோ அவருக்கு உரிமை இல்லை. ஏழை நோயாளி என்பதால் அந்த விதி தளர்ந்துவிடாது. காலாவதியான மருந்தைக் கொடுப்பது தானத்தில் சேராது. நிதி கேட்டு நோயாளியின் முகத்தைப் படம் பிடித்துப் பரப்பக்கூடாது. படுக்கையில் கிடப்பவர் மறுக்கத் துணியாமல் தரும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. வரவு செலவு யார் கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாணவர்கள் செய்கிறார்களே என்று அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. எந்த மருந்துக்கு அவர்களிடம் அதிகம் பேர் வருகிறார்கள், எந்த வார்டில் ரத்தம் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று அவர்களுடைய பதிவேட்டிலேயே இருக்கிறது. மருத்துவமனை நிர்வாகம் ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டை வாங்கிப் படித்து, அதில் முதலில் நிற்கும் மருந்தைத் தன் கையிருப்பில் சேர்த்தாலே போதும். மாணவர்களின் உழைப்பு அப்போது ஒரு நோயாளியோடு நிற்காமல், அடுத்து வரும் எல்லோருக்கும் உரிமையாக மாறும்.

நம் பங்கு சிறியது, ஆனால் தவறவிடக்கூடாதது. உடல்நலம் உள்ளவர்கள் முகாம் நாளுக்காகக் காத்திராமல் அருகிலுள்ள அரசு ரத்த வங்கியில் பெயரையும் பிரிவையும் கொடுத்துவைக்கலாம், அழைப்பு வந்தால் போகலாம். கண் தானத்துக்கு உறுதிமொழி அட்டை மட்டும் போதாது. கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே. அதனால் இன்றைக்கே அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.