பால் காய்ச்சும் நாளுக்கு முன்னால்

ஆனிக் கடைசியில் பத்திரம் பதிந்து சாவி வாங்கியவர்களில் பலர் ஆடியில் குடிபோக மாட்டார்கள். ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சும்வரை வீடு பூட்டியே கிடக்கும். மார்கழியிலும் இதே கதைதான். சாமான் வந்து இறங்கிய பிறகு செய்யச் சிரமமான வேலைகளுக்கு இந்தக் காலி நாட்கள்தான் தோது. பெரும்பாலோர் பெயின்ட் நிறத்தையும் மாடுலர் கிச்சனையும் பேசியே அவற்றைக் கழித்துவிடுகிறார்கள்.

சென்னையில் கைமாறும் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பத்திரத்தில் பெயர் மாறிவிட்டது. சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? விற்றவர், கடைசியாக வாடகைக்கு இருந்தவர், வீடு காட்டிய தரகர், வேலைக்கு வந்த அம்மா, எதிர்வீட்டுக்காரர், வாட்ச்மேன். இவர்களில் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். கணக்கு விற்றவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். எனவே பூட்டை மாற்றியே ஆக வேண்டும். கதவில் பதித்த பூட்டு என்றால், பல வகைகளில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். கைப்பிடித் தகட்டைத் தாண்டி வெளியே நீட்டி நிற்கும் சிலிண்டரைக் குறடால் பிடித்து முறித்துவிட முடியும். பெயின்டரும் தச்சரும் கிளம்பிய பிறகு மாற்றுவதே சரி. அவசரப்பட்டு முன்பே மாற்றினால் புதுச் சாவியும் நாலு கை மாறும். அதுவரை கிரில் கேட்டுக்கு ஒரு நல்ல தொங்குபூட்டு போதும். வாசல் கதவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், துணி காயப்போடும் பால்கனிக் கதவைத் துருப்பிடித்த தாழ்ப்பாளோடு விட்டுவிடுவது வழக்கம்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் முடிக்க வேண்டியது வயரிங். 30, 40 ஆண்டு பழைய கட்டடங்கள் சிலவற்றில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்தான் இருக்கிறது. எம்.சி.பி. போட்டிருந்தாலும் நிம்மதி அடைய முடியாது. அது வயரைக் காப்பாற்றுவது. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் விழும். ஹீட்டரில் கசிவு ஏற்பட்டு உங்கள் உடல் வழியாகப் பாயும் சிறு மின்சாரம் அதன் கண்ணில் படாது. அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, வித்தியாசம் வந்தால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். உயிர்காப்புக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடலாம். ஐப்பசி மழையில் சுவர் ஊறும் ஊரில் இதை ஆடம்பரமாக நினைக்கக் கூடாது.

அடுத்து, பெயர் மாற்றங்கள். அலைச்சல்தான், தள்ளிப்போட்டால் அலைச்சல் கூடும். மின் இணைப்பு, மாநகராட்சிச் சொத்து வரி, குடிநீர் வாரியக் கணக்கு மூன்றும் தனித்தனி. பத்திரம் பதிந்ததால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று இருந்துவிட வேண்டாம். பழைய பாக்கியையும் பாருங்கள். முன்னாள் உரிமையாளர் வைத்துப்போன மின்கட்டண நிலுவையை, விதிமுறை இடம் தந்தால், அந்த இடத்தை வாங்கியவரிடம் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்திருக்கிறது. குடியிருப்போர் சங்கத்திடமும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குவது நல்லது. இவை எல்லாம் பத்திரப் பதிவுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவை. விற்றவர் போனை எடுக்கும் காலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காலியாகக் கிடந்த வீட்டில் எல்லாக் குழாய்களையும் திறந்து சிறிது நேரம் தண்ணீர் ஓடவிட வேண்டும். பாத்ரூமில் தண்ணீர் நிறுத்திவைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். டைல்ஸ் உடைக்க வேண்டி வந்தால் இப்போதே உடைக்கலாம், கீழ்வீட்டுக்காரரோடும் பழக்கமாகும். சம்ப், மொட்டைமாடித் தொட்டி இரண்டையும் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று சங்கத்தில் கேளுங்கள். எரிவாயு இணைப்பு வீட்டோடு வருவதல்ல, ஆளோடு வருவது. உங்கள் ஏஜென்சியில் முகவரியை மாற்ற வேண்டும். ரப்பர் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதி தாண்டியிருந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கிரகப்பிரவேச நாளை மட்டும் யாரும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியற்காலை கணபதி ஹோமத்துக்கு மொத்தக் குடும்பமும் புது வீட்டில் கூடியிருக்கும். பாதி கட்டிய மூட்டைகளோடு பழைய வீடு ஆளில்லாமல் நிற்கும். அழைப்பிதழில் தேதி, நேரம், இடம் எல்லாம் அச்சாகியிருக்கும். இப்போது அது வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. நகையை முன்கூட்டியே வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, விசேஷம் முடியும்வரை நம்பகமான ஒருவரைப் பழைய வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அவருக்கு டிபனைக் கொடுத்தனுப்ப மறக்க வேண்டாம்.